பிஎச்டிக்குப் பணம் தருவது யார், எத்தனை மாதத்துக்கு?

2025 மே மாதம், சிப் வடிவமைப்புப் படிப்பான எம்.இ. விஎல்எஸ்ஐ முடிக்கும் தறுவாயில் இருந்த என் மாணவி ஒருத்தி அப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். கையில் இரண்டு கடிதங்கள். ஒன்று ஐஐடி ஒன்றின் மின்னணுத் துறையில் முழுநேர பிஎச்டி, மாதம் 37,000 ரூபாய். மற்றது இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் கணினி அறிவியல், மின்னணுப் பொறியியல் துறையில் மூன்றரை ஆண்டு ஆய்விடம், ஆண்டுக்கு 20,780 பவுண்டு. இரண்டிலும் அவள் செய்யப்போவது அனலாக் சிப் வடிவமைப்புதான். "எதுல சேரலாம் மேடம்?" என்று அவள் கேட்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார்: "பவுண்டை ரூபாயாக்கிப் பார்த்தா இது எங்கேயோ போய் நிக்குதுங்க."

அந்தப் பெருக்கலை எல்லோரும் முதலில் செய்துவிடுகிறார்கள். ஆனால் பணம் தந்து பிஎச்டி சேர்த்துக்கொள்ளும் இடங்களை ஒப்பிடும்போது தொகையை நான் மூன்றாவதாகத்தான் பார்ப்பேன். முதல் கேள்வி, அந்தப் பணம் யாருடையது? இரண்டாவது, எத்தனை மாதம் வரும், அது நிற்கும் நாளில் என் ஆய்வு எந்தக் கட்டத்தில் இருக்கும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு மாதம் எவ்வளவு என்று பார்த்தால் போதும்.

யாருடைய பணம் என்பது ஏன் முக்கியம் என்று நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உலகம் முழுக்க இந்தப் பணம் மூன்று வழியில்தான் வருகிறது. உங்கள் பெயரிலேயே கிடைக்கும் ஃபெலோஷிப் ஒன்று. துறை கொடுத்து, பதிலுக்கு லேப் வகுப்பு எடுக்கவும் விடைத்தாள் திருத்தவும் சொல்கிற உதவித்தொகை இன்னொன்று. மூன்றாவது, கைடு வாங்கி வைத்திருக்கும் புராஜெக்ட் பணம். நான் பிஎச்டி செய்துகொண்டிருந்தபோது மூன்றாம் ஆண்டில் என் கைடு வேறு வேலைக்குப் போய்விட்டார். என் ஃபெலோஷிப் என் பெயரில் இருந்ததால் அதே துறையில் இன்னொருவரிடம் மாறித் தொடர முடிந்தது. அதே அறையில் புராஜெக்ட் பணத்தில் இருந்த நண்பருக்கு அந்த மாதத்தோடு சம்பளம் நின்றது. அவரும் நானும் வாங்கிய தொகை ஒன்றேதான்.

சரி, முதலில் நம் ஊரில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், ஏனென்றால் இங்கே இருப்பதையே பலர் முழுதாகத் தெரிந்துகொள்வதில்லை. ஐஐடி, என்ஐடி போன்ற மத்திய நிறுவனங்களில் கேட் என்ற தகுதித் தேர்வு மதிப்பெண்ணோடு சேர்ந்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000, அதன் பிறகு 42,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் இதுதான் விகிதம். அதற்கு முன் 31,000, 35,000 என்று இருந்தது. விடுதியில் தங்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படி தனி. 5 ஆண்டுக்குக் கூட்டினால் 24 லட்சம். விடுதி, மெஸ், செமஸ்டர் கட்டணம் எல்லாம் இதற்குள்தான். பெரிய ஐடி சேவை நிறுவனங்கள் புதிதாகச் சேரும் பி.இ. பட்டதாரிக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் தருகின்றன. அந்தக் கணக்கில் மாதம் 37,000 வீதம் ஆண்டுக்கு வரும் 4.44 லட்சம் குறைவு இல்லை. ஆனால் அங்கே சேர்ந்தவரின் சம்பளம் வருடாவருடம் ஏறும், இங்கே 5 ஆண்டில் ஒரே ஒருமுறைதான் ஏறும். கல்விக்கடன் தவணை கட்டுகிறவர்கள் இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டுச் சேருவது நல்லது.

2018 பட்ஜெட்டில் அறிவித்த பிரதமர் ஆய்வு உதவித்தொகை, அதாவது பிஎம்ஆர்எஃப், வேறு உயரத்தில் இருப்பது. முதல் 2 ஆண்டு மாதம் 70,000, மூன்றாம் ஆண்டு 75,000, கடைசி 2 ஆண்டு 80,000. மொத்தம் 45 லட்சம். அதோடு ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 2 லட்சம். இந்த 2 லட்சம்தான் என் கண்ணில் பெரிய விஷயம். வெளிநாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை ஏற்கப்பட்டு, விமான டிக்கெட்டுக்கு யாரிடம் கேட்பது என்று முழிக்கிற நிலை இதில் இல்லை. பதிலுக்கு, ஆண்டுதோறும் கடுமையான மதிப்பீடு உண்டு. பக்கத்துப் பொறியியல் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ வாரம் ஒருமுறை பாடம் எடுக்க வேண்டும். 2025 பட்ஜெட்டில் இந்தத் திட்டத்தில் 5 ஆண்டுக்கு 10,000 இடங்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். நேரடியாகக் கிடைக்காவிட்டாலும், பிஎச்டியில் சேர்ந்த பிறகு லேட்டரல் வழியில் விண்ணப்பிக்கும் வாய்ப்பை இந்தத் திட்டம் வைத்திருந்தது. சேரும்போதே கைடிடம் இப்போதைய விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

யூஜிசி நெட் தேர்வை பொறியியல் பிள்ளைகள் தங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று விட்டுவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ், எலக்ட்ரானிக் சயின்ஸ் என்று இரண்டு பாடங்கள் அதில் இருக்கின்றன. 2024 ஜூன் தேர்விலிருந்து, 4 ஆண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தாலே எழுதலாம். அதில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு ஃபெலோஷிப் கிடைத்தால் தொகை அதே 37,000, 42,000தான், ஆனால் பணம் உங்கள் பெயரில் வரும். உங்களை ஏற்கும் பல்கலைக்கழகத்தை நீங்களே தேடலாம். கைடுக்கும் உங்களைச் சேர்த்துக்கொள்வதில் செலவு இல்லை என்பதால் கதவு சீக்கிரம் திறக்கும். வயது வரம்பு 30. பெண்களுக்கும் ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் பணம் வரும், ஆனால் நாள் தவறி வரும். நான் பெற்ற உதவித்தொகை ஒருமுறை 7 மாதம் வரவில்லை. மாதாமாதம் வருகைப் படிவத்தில் கைடு, துறைத்தலைவர், அலுவலகம் என்று மூன்று கையெழுத்து வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், வாடகையை அண்ணன் கட்டினார். மொத்தத் தொகையும் ஒரே நாளில் வந்து சேர்ந்தது உண்மைதான். ஆனால் அந்த 7 மாதத்தைத் தாங்க அண்ணன் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? சேர்வதற்கு முன் அந்தத் துறையில் இப்போது படிப்பவர்களிடம் "கடைசியாக எந்த மாதப் பணம் வந்தது?" என்று கேளுங்கள். இணையதளத்தில் எங்கேயும் கிடைக்காத தகவல் அது.

மாநிலத்துக்குள் அண்ணா பல்கலைக்கழகத்தில் நூற்றாண்டு ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் விஸ்வேஸ்வரய்யா பிஎச்டி திட்டம் 2014இல் கணினி, மின்னணு என்ற நம் இரண்டு துறைகளுக்கென்றே தொடங்கியது. பகுதிநேர ஆய்வாளர்களையும் சேர்த்துக்கொள்ளும் திட்டம் அது. வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகச் செய்யும் கல்லூரி ஆசிரியர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். சம்பளம் வந்துகொண்டிருப்பதால் அவர்களுக்கு அது சரியான வழி. ஆனால் முழுநேரம் என்று சேர்த்துக்கொண்டு, உதவித்தொகை தராமல், வாரம் பன்னிரண்டு மணி நேரம் வகுப்பு மட்டும் எடுக்கச் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. இதில் எனக்குத் தயக்கமே இல்லை: அங்கே சேராதீர்கள். ஒரு வருடம் பொறுத்து மறுபடி கேட் எழுதுங்கள்.

அடுத்தது அந்த இங்கிலாந்துக் கடிதம். அங்கே உதவித்தொகை விகிதத்தை யூகேஆர்ஐ என்ற அரசு ஆய்வு நிதி அமைப்பு ஆண்டுதோறும் அறிவிக்கிறது. 2024-25க்கு 19,237 பவுண்டு, 2025-26க்கு 20,780. பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்தப் பணத்தில் தரும் இடங்களுக்கும் பெரும்பாலும் இதே விகிதத்தைத்தான் பின்பற்றுகின்றன. மாதக் கணக்கில் 1,731 பவுண்டு. வருமான வரி கிடையாது, முழுநேர மாணவருக்கு உள்ளூர் கவுன்சில் வரியும் கிடையாது.

ஆனால் அங்குள்ள விளம்பரங்களில் கீழே சின்னதாக ஒரு வரி இருக்கும்: "ஹோம் ஃபீஸ் ஒன்லி". உள்நாட்டு மாணவருக்கான கட்டணத்தை மட்டும் நாங்கள் ஏற்போம் என்று பொருள். அந்தக் கட்டணம் ஆண்டுக்கு 5,000 பவுண்டு அளவு. நமக்குப் போடும் வெளிநாட்டுக் கட்டணம் கணினி, மின்னணுத் துறைகளில் அதைப்போல நாலைந்து மடங்கு இருக்கும். மிச்சத்தை நாம் கட்ட வேண்டும் என்றால் உதவித்தொகை முழுதும் அதற்கே போய்விடும், அதை உதவித்தொகை என்று சொல்லவே முடியாது. யூகேஆர்ஐ பணத்தில் வரும் இடம் என்றால் இந்த வித்தியாசத்தை மாணவரிடம் வாங்கக் கூடாது என்பது விதி. ஆனால் ஒவ்வொரு தொகுப்பிலும் வெளிநாட்டவர் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. அதனால் போட்டி கடுமை. என் மாணவியின் கடிதத்தில் முழுக் கட்டணமும் தள்ளுபடி என்று தெளிவாக இருந்தது. அந்த வரியை அப்பாவிடம் விரலால் தொட்டுக் காட்டினேன்.

அதே கடிதத்தில் இன்னொரு எண்ணும் இருந்தது, 42 மாதம். மூன்றரை ஆண்டு பணம், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க 4 ஆண்டு வரை அவகாசம். நடுவில் இருக்கும் 6 மாதம் சோற்றுக்கு என்ன வழி என்பதைக் கடிதம் சொல்லவில்லை. அங்கே பலர் அந்த மாதங்களில் பகுதிநேரமாக ஏதாவது வேலை செய்துகொண்டே எழுதி முடிக்கிறார்கள். போவதற்கு முன்பான செலவும் உண்டு. விசாவோடு சேர்த்துக் கட்ட வேண்டிய சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, 4 ஆண்டுக்கு 3,104, மொத்தமாக முன்கூட்டியே. அதற்கும் முன்னால், மின்னணு போன்ற துறைகளுக்கு இந்தியர்களும் இலங்கையரும் ஏடாஸ் என்ற அனுமதிச் சான்று வாங்க வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் பல வாரம் ஆகும்.

ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் மூன்றும் முற்றிலும் வேறு மனநிலையில் இயங்குகின்றன. அங்கே பிஎச்டி செய்பவர் பெரும்பாலும் ஊழியர். நியமன ஆணை, சம்பளச் சீட்டு, ஓய்வூதியப் பங்களிப்பு, வருட விடுமுறை எல்லாம் உண்டு. ஜெர்மனியில் டிவி-எல் இ13 என்ற அரசு ஊதிய நிலை. கணினித் துறையில் முழு வேலைநேர இடமாகவே தருவது வழக்கம். 2025 விகிதப்படி தொடக்கத்தில் மாதம் 4,600 யூரோவை ஒட்டிய மொத்தச் சம்பளம், வரியும் காப்பீடும் போகக் கையில் கிட்டத்தட்ட அறுபது சதவீதம் வரும். சில துறைகளில் பாதி இடமோ முக்கால் இடமோதான் தருவார்கள், அதனால் விளம்பரத்தில் சதவீதத்தைப் பாருங்கள். நெதர்லாந்தில் 4 ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுதோறும் சம்பளம் ஏறும். ஸ்வீடனில் 4 ஆண்டு ஆய்வு; கற்பித்தல் வேலை 20 சதவீதம் வரை சேர்த்தால் 5 ஆண்டு. குழந்தை பிறந்து விடுப்பு எடுத்தால் ஒப்பந்தம் அத்தனை மாதம் நீளும். கல்யாணத்துக்கும் பிஎச்டிக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று வீட்டில் சொல்லப்படும் பெண்களுக்கு இந்த ஒரு விதியின் மதிப்பு எந்த உதவித்தொகையையும் விடப் பெரிது. நம் யூஜிசி விதியிலும் 240 நாள் மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பும், பெண்களுக்கு 2 ஆண்டு கூடுதல் கால அவகாசமும் இருக்கின்றன. பல மாணவிகளுக்கு அது இருப்பதே தெரியாது, கேட்டு வாங்க வேண்டும்.

இந்த மூன்று நாடுகளுக்கும் பொதுவாக முதுநிலைப் பட்டம் வேண்டும். இடம் ஒரு பேராசிரியரின் திட்டத்தோடு கட்டப்பட்டது என்பதால் தலைப்பை மாற்றும் சுதந்திரம் குறைவு. என்ன செய்யப்போகிறோம் என்பதில் தெளிவாக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பது என் எண்ணம்.

தெளிவில்லாதவர்களுக்கு அமெரிக்கா. பி.இ. முடித்த கையோடு சேரலாம். முதல் ஓரிரண்டு ஆண்டு பாடங்கள், தகுதித் தேர்வு, அதற்குள் கைடைத் தேர்ந்துகொள்ளலாம். 5, 6 ஆண்டு ஆகும், அதுவரை துறையோ கைடோ ஏதாவது ஒரு வழியில் பணம் தேடித் தருவார்கள். டிசம்பர் தொடக்கத்தில் விண்ணப்பம் முடியும், ஏப்ரல் 15க்குள் ஒப்புதல் சொல்ல வேண்டும். கடிதத்தில் பார்க்க வேண்டியது, உதவித்தொகை 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா என்பது. 9 என்றால் கோடைக்கு இன்டர்ன்ஷிப் தேட வேண்டும். கல்விக் கட்டணம் தள்ளுபடி என்றாலும் வேறு சில கட்டணங்களை உதவித்தொகையிலிருந்தே கட்டச் சொல்லும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அப்புறம், வாழ்க்கைத்துணை எஃப்-2 விசாவில் போனால் வேலை செய்ய முடியாது. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் முடியும். 2025இல் அமெரிக்காவில் ஆய்வு நிதி வெட்டப்பட்டு, சில பல்கலைக்கழகங்கள் பிஎச்டி சேர்க்கையைக் குறைத்தன. கைடின் புராஜெக்ட் பணத்தை மட்டும் நம்பி இருக்கும் இடமா, துறை 5 ஆண்டுக்கு எழுத்தில் உறுதி தருகிறதா என்று இப்போது கேட்டே ஆக வேண்டும்.

சிங்கப்பூர் பக்கம், நம்மவர் நிறைய இருக்கும் ஊர். சிங்கா உதவித்தொகை மாதம் 2,700 சிங்கப்பூர் டாலர், தகுதித் தேர்வு தாண்டினால் 3,200, கட்டணம் இல்லை, 4 ஆண்டு வரை. ஆஸ்திரேலியாவில் அரசின் ஆர்டிபி உதவித்தொகைக்கு ஆய்வுக் கட்டுரை ஏற்கெனவே வெளியிட்டிருந்தால் வாய்ப்பு கூடும்.

இதுவரை சொன்னதெல்லாம் இரண்டு துறைக்கும் பொது. ஆனால் கணினிக்காரர்களும் மின்னணுக்காரர்களும் ஒரே கணக்கைப் போடக் கூடாது. இயந்திரக் கற்றலில் ஆய்வு செய்பவருக்கு வேண்டியது ஜிபியு நேரம். அது எங்கிருந்தும் வாங்கக் கூடியது, ஒரு சோதனை கெட்டால் மறுநாள் மறுபடி ஓட்டலாம். சிப் வடிவமைப்பவருக்கு அப்படி இல்லை. வரைபடத்தை ஃபேப்புக்கு, அதாவது சிப் செய்யும் ஆலைக்கு, அனுப்புவதை டேப்-அவுட் என்போம். அந்தத் தேதி ஆண்டில் சில முறைதான் வரும். தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். அனுப்பிய பிறகு சிப் கைக்கு வர மூன்று மாதத்துக்குக் குறையாது. அதைப் பேக்கேஜ் செய்து, போர்டு அடித்து, அளந்து பார்க்கும்போது ஒரு பிழை தெரிந்தால் முதலிலிருந்து மறுபடி. 2 டேப்-அவுட் என்றால் 2 ஆண்டு ஓடிவிடும். 42 மாதம் என்பது கணினி மாணவருக்குப் போதுமானது, சிப் மாணவருக்குக் கழுத்தில் கத்தி.

அதனால் மின்னணுத் துறையில் உதவித்தொகைக்குச் சமமாக, சிப் அடிக்கும் பணம் யாருடையது என்றும் கேட்க வேண்டும். ஐரோப்பாவில் யூரோபிராக்டிஸ் என்ற ஏற்பாட்டின் வழியாகப் பல்கலைக்கழகங்கள் சிப்புகள் செய்யப்படும் சிலிக்கான் தட்டான வேஃபர் ஒன்றையே பங்குபோட்டுக் குறைந்த செலவில் சிப் செய்துகொள்கின்றன. இந்தியாவில் மொகாலி எஸ்சிஎல் ஆலையில் 180 நானோமீட்டர் நுண்மையில் சிப் செய்யும் வசதி இருக்கிறது. 2022இல் தொடங்கிய சிப்ஸ் டு ஸ்டார்ட்-அப் திட்டத்தில், பெங்களூரு சி-டாக்கில் உள்ள சிப்இன் மையம் விலையுயர்ந்த வடிவமைப்பு மென்பொருள்களைக் கல்லூரிகளுக்குத் தருகிறது. பத்து வருடம் முன்னால் இங்கே நினைத்துப் பார்க்க முடியாத வசதி அது. அனலாக் ஆய்வுக்கு 180 நானோமீட்டரே பல நேரம் போதும். அதிவேக ரேடியோ அலைவரிசை வேலைக்குப் போதாது, அதற்கு வெளியே பணம் கட்டித்தான் ஆக வேண்டும்.

என் மாணவியை இரண்டு பேராசிரியர்களுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பச் சொன்னேன். இரண்டே கேள்வி. என் முதல் டேப்-அவுட் எந்த மாதம், அதற்கான பணம் இப்போது கையில் இருக்கிறதா? உதவித்தொகை முடிந்த பிறகும் அளவீடு பாக்கி இருந்தால் என்ன வழி?

ஐஐடி பேராசிரியர் அன்றே போன் செய்தார். நல்ல மனிதர், நேராகப் பேசினார். 5 ஆண்டுக்கு உதவித்தொகை உறுதி. சிப்புக்கான புராஜெக்ட் அனுப்பியிருக்கிறேன், அனுமதி இன்னும் வரவில்லை, வராவிட்டால் முதல் 2 ஆண்டு சிமுலேஷனில்தான் ஓட்ட வேண்டியிருக்கும் என்றார். இங்கிலாந்துப் பேராசிரியரின் பதில் இரண்டு நாள் கழித்து வந்தது. பத்தாம் மாதம் ஒன்று, இருபத்திரண்டாம் மாதம் ஒன்று, இரண்டு இடமும் பணம் கட்டிப் பதிவாகிவிட்டன. 42 மாதத்துக்குப் பிறகு எதையும் என்னால் உறுதி சொல்ல முடியாது என்று எழுதியிருந்தார்.

5 ஆண்டு உறுதியை விட, தேதி குறித்து வைத்த இரண்டு டேப்-அவுட் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. நானும் அதையே சொன்னேன். அதே கேள்விகளோடு ஒரு கணினி மாணவர் வந்திருந்தால் ஐஐடியில் சேர்ந்து பிஎம்ஆர்எஃபுக்கு முயற்சி செய் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சுகாதாரக் கட்டணத்துக்கும் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் சேர்த்து அம்மாவின் வளையல்கள் கூட்டுறவு வங்கிக்குப் போயின. அக்டோபரில் சேர்ந்தவள் மாதம் 300 பவுண்டு அனுப்புகிறாள். அப்பா வட்டியோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். முதல் சிப் ஃபேப்புக்குப் போவதும் வளையல் வீட்டுக்குத் திரும்புவதும் அந்தக் கணக்குப்படி சில மாத வித்தியாசத்தில் வருகின்றன.